ஒன்றரை அடிக் கம்பு

வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாதீர்கள். வரிசை கலைந்தால் எந்தக் குற்றச்சாட்டும் நிற்காது. நாற்பது வருடம் மனு எழுதிக் கற்ற பாடம் இது.

முதலாவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. நான் ஐந்தாம் வகுப்பு. இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தை உர மூட்டை அடுக்கும் கிடங்காக்கினார்கள். வாத்தியாரை அந்தக் கிடங்குக்கே கணக்குப்பிள்ளை ஆக்கினார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். சுவரில் ஒட்டியது, காலடியில் கிடந்தது, பஜ்ஜி மடித்து வந்தது. குறைவாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் படித்தவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது. அறுபத்தெட்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே விடிந்ததும் கங்காணி எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவான். அதற்குப் பெரட்டு என்று பேர். பெரட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. என் பெயருக்கு நேரே அரைப்பேர், அதாவது அரைக்கூலி, என்று எழுதினார்கள். சுமந்தது முழுக் கூடை. எழுதியது அரைப்பேர்.

மூன்றாவது. எழுபத்தொன்பது. தேயிலைக் கன்று நட ஒன்றரை அடி ஆழக் குழி வெட்ட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது குழி என்றிருந்ததை அறுபது ஆக்கினார்கள். கங்காணி கையில் ஒன்றரை அடிக் கம்பு இருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் விட்டுப் பார்ப்பான். கம்பின் தலை மண்ணுக்கு மேலே ஒரு விரல் தெரிந்தாலும் அன்றைக்குப் பேர் கிடையாது. என் இடது கைச் சுண்டுவிரல் அந்த வருடம்தான் கடப்பாரையில் போனது. கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

நான்காவது. எண்பத்தெட்டு. நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம். நாங்கள் காட்டுக்கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். நகரத்திலிருந்து வந்த தலைவர்கள் துரை பங்களாவில் சாப்பிட்டுக் கைகழுவி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டு மலை இறங்கிப் போனார்கள்.

ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறாவது. தொண்ணூறு. மேலாளரை முறைத்துப் பார்த்தேன் என்று குற்றப்பத்திரிகை. பதினான்கு மாதம் வேலை இல்லை. பார்த்தது உண்மை. முறைத்தது அவர் கற்பனை.

ஏழாவது. இரண்டாயிரத்து நான்கு. சங்கத்தின் ஆண்டுவிழா மலர், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பால் சொசைட்டித் தலைவர் படம் இருக்கிறது. பந்தல் போட்டவன் பேர் இருக்கிறது. இருளாண்டி என்ற என் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒருவன் பெயரைச் சொல்லாமல் விடுவது அவனை உயிரோடு புதைப்பதற்குச் சமம் என்று கண்டனக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். பதில் வரவில்லை.

எட்டாவது, நீங்கள். உங்கள் கடை. மாசி மூன்றாம் தேதி ஊட்டியிலிருந்து பார்சலில் வந்த பன்னிரண்டு வெள்ளை லில்லிக் கிழங்கு. வந்த அன்றைக்கே நட்டேன். இன்று சித்திரை எட்டு. அறுபத்தாறு நாள். பன்னிரண்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

இப்போது நீங்கள் பேசலாம்.

ஆறிப்போகுமா? சரி, முதலில் டீ குடியுங்கள். மனு போட்டதும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அந்த மட்டுக்கு உங்கள் முதலாளி பரவாயில்லை. உங்களைத் தோழர் என்று கூப்பிட வேண்டுமென்றால் உங்கள் கடையில் சங்கம் இருக்க வேண்டும். இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் தம்பி என்கிறேன்.

அதென்ன, யாரோ தட்டின மாதிரி? மூன்று தட்டு. உங்களுக்குக் கேட்கவில்லையா? லூர்தம்மா கிளாஸைக் கவிழ்த்து வைத்த சத்தமாக இருக்கும்.

இவள்தான் லூர்தம்மா. நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு இப்போது இந்தப் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டிருக்கிறாள். சிரிக்கிறாள் பாருங்கள். நான் மனுவுக்கு ஐந்து நகல் எடுத்ததிலிருந்து இப்படித்தான். "ஏன்யா, மேனேஜர் மேல கேஸு, சங்கத்து மேல கேஸு, கடைசியில கெழங்கு மேலயுமா? அது எந்தக் கோர்ட்டுல வந்து நிக்கும்?" என்று கேட்டாள். இவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உங்கள் பணம் திரும்ப வேண்டாம். அதை மனுவிலேயே எழுதியிருக்கிறேன். எனக்குப் பூ வேண்டும். பதினொரு மணி பஸ்ஸில் ஒரு பெண் வருகிறாள். சங்கரன்கோயில் பக்கம். பேர் சொர்ணம். அவளுடைய அப்பா இந்த மலையில் புதைந்திருக்கிறார். அவளுடைய அம்மா போன ஐப்பசியில் இறந்துபோனாள். சாகும்போது, அவர் புதைந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து என் குழியில் போடு என்று கேட்டாளாம். முடியவில்லை. இப்போதாவது கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. இடம் எது என்று கேட்டுத் தை மாதம் எனக்குக் கடிதம் எழுதினாள். அந்த இடம் சரியாகத் தெரிந்தவர்களில் உயிரோடு இருக்கிறவன் நான் ஒருவன்தான்.

நான் பதில் எழுதினேன். 'சித்திரையில் வா. நம் சுடுகாட்டுச் சரிவில் இரண்டு வரிசை வெள்ளைப் பூ பூத்திருக்கும். அதுதான் இடம். நான் சொல்லவே வேண்டாம், நீயே தெரிந்துகொள்வாய்.'

எழுதிவிட்டுத்தான் உங்கள் கடைக்கு ஆர்டர் போட்டேன். அதற்கு முன்னால் நான் ஒரு பூச்செடி நட்டதில்லை தம்பி. தேயிலை நட்டிருக்கிறேன். ஒரு லட்சம் கன்று இருக்கும். பூச்செடி துரைமார் வேலை என்று தொட்டதில்லை.

வாருங்கள், நடந்துகொண்டே பேசுவோம். ஏற்றம்தான், ஆனால் கிட்டத்தில்தான். லூர்தம்மா, பஸ் வந்தால் அந்தப் பெண்ணை மேலே கூட்டி வா. இந்த மண்வெட்டியை நீங்கள் பிடியுங்கள், தம்பி. அளவுக் கம்பு என்னிடம் இருக்கட்டும். ஆமாம், அதே ஒன்றரை அடிக் கம்புதான். வேலைநிறுத்தத்துக்கு முந்தின வருடம் கங்காணி ஓய்வு பெற்றபோது நான் கேட்டு வாங்கினேன். சாட்சிப் பொருள். இன்னொரு கையில் என்ன என்கிறீர்களா? பழைய மினிட் புத்தகம், சங்கத் தீர்மானங்கள் எழுதியது. எங்கே போனாலும் கையில் இருக்கும். அதை விடுங்கள்.

எப்படி நட்டேன் என்று கேட்கிறீர்கள். முறைப்படி நட்டேன். இந்தச் சரிவு முழுவதும் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. மூன்று வாரம் தனியாக வெட்டினேன், இந்த வயதில். வரிசைக்கு ஆறு. நூல் பிடித்துக் குழி வெட்டினேன். ஒவ்வொரு குழியிலும் கம்பை விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் சரியாக ஒன்றரை அடி. அடியில் கிழங்கை வைத்து, மண் தள்ளி, இரண்டு காலாலும் ஏறி மிதித்து இறுக்கினேன். தேயிலைக்கு அப்படித்தான். மிதிக்காமல் விட்டால் கன்று ஆடிப்போகும்.

ஏன் நின்றுவிட்டீர்கள்? மூச்சு வாங்குகிறதா?

ஆமாம், ஒன்றரை அடி. உங்கள் பார்சலில் ஒரு துண்டுத்தாள் இருந்தது, பார்த்தேன். நான் அச்சடித்த எதையும் படிக்காமல் விடுவதில்லை. நான்கு விரல் ஆழம், மேலே பொலபொலவென்று மண் என்று போட்டிருந்தது. நான் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? மேலாக நடு என்பான், மழை வந்து அடித்துக்கொண்டு போகும், அல்லது பன்றி கிளறும், மறுபடி அவனிடமே வாங்க வேண்டும். முதலாளி அச்சடித்த தாளில் உழைக்கிறவனுக்கு நல்லது இருந்ததாக எனக்கு அனுபவம் இல்லை.

சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? பின்னே ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வந்துவிட்டோம். இந்தக் கல்லில் உட்காருங்கள். பயப்பட வேண்டாம், இது கல்லறை இல்லை, வெறும் கல். இங்கே யாருக்கும் கல்லறை கிடையாது. அதோ இரண்டு வரிசை, குச்சி நட்டு வைத்திருக்கிறேன். மண் வழுவழு என்று கிடக்கிறது பாருங்கள், சாணம் மெழுகின முற்றம் மாதிரி. தினமும் காலையில் வந்து பார்த்தேன். முட்டிபோட்டுப் பார்த்தேன். ஒரு பச்சை இல்லை.

சில நாள் காதை வைத்துக்கூடக் கேட்டேன். அதை மனுவில் எழுதவில்லை.

சரி. ஐந்தாவது.

துரை பங்களாவில் ஒரு தோட்டக்காரன் இருந்தான். என்னைவிட மூன்று வயது இளையவன். என் ஊருக்குப் பக்கத்து ஊர். உறவு கிடையாது, ஆனாலும் வந்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். லைன் வீட்டில் அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இந்த லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி. ஒருவன் இருமினால் பக்கத்து அறைக்காரன் தொண்டை கரகரக்கும். அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை தீர்ந்தால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள். நான் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்குக் காய்ச்சல் என்றால் நான் தட்டுவேன். கஞ்சி வரும். நான் தனிக்கட்டை. கல்யாணத்துக்குப் போராட்டம் நேரம் விடவில்லை.

வேலைநிறுத்தம் வந்தது. நாற்பத்தேழு நாள் இந்த மலையில் ஒரு கொழுந்து பறிபடவில்லை. அந்த நாற்பத்தேழு நாளும் அவன் வேலியைத் தாண்டிப் பங்களாவுக்குள் போனான், கையில் பூவாளியோடு. கூலி வாங்கவில்லை. பேர் போடவில்லை. சும்மா போனான். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. கூலிக்குப் போயிருந்தால் கருங்காலி என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

நான் ஆட்களோடு வேலியோரம் நின்று மறித்தேன். "என்னடா, துரைக்குப் பூ வேணுமோ?" என்று கேட்டேன்.

"துரைக்கு இல்ல மாமா. லில்லி மொட்டு விட்டுருக்கு. தண்ணி ஊத்தலன்னா கருகிரும்லா. ஸ்டிரைக்குன்னா அதுக்குத் தெரியுமா?" என்றான்.

என் கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் ஆட்கள். என் முன்னால்.

அன்று சாயங்காலமே, செயலாளர் என்ற முறையில், சங்கப் பொதுக்குழுவைக் கூட்டினேன். தீர்மானம் எண் பத்தொன்பது. நான் எழுதியது. 'மேற்படி நபருக்குத் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, பேச்சு இல்லை, துணை இல்லை. அவர் பெயரை லைனில் எவரும் உச்சரிக்கலாகாது.' ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. வாசித்ததும் கைதட்டினார்கள்.

கவனித்தீர்களா, நான் இதுவரை அவன் பெயரைச் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாகச் சொல்லவில்லை. சொர்ணம் கடிதத்தில் கையெழுத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் முன்னெழுத்து இருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படித்தேன். தீர்மானம் என்றால் தீர்மானம்.

தீர்மானம் போட்ட ஒன்பதாம் நாள் அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். குழாயில் குடம் வைக்க விடவில்லை, கடையில் அரிசி தரவில்லை, என்ன செய்வாள்? குழந்தைக்கு ஐந்து வயது. படியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "மாமா, போயிட்டு வாரேன்" என்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஐந்து வயதுக்கு விலக்கு என்று தீர்மானத்தில் இல்லை.

அவன் போகவில்லை. லில்லி முடிந்ததும் கிழங்கு எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு வருகிறேன் என்றானாம்.

வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லாரும் பெரட்டுக்குப் போனார்கள். தீர்மானத்தை ஏன் ரத்து செய்யவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? ரத்து செய்யப் பொதுக்குழு கூட வேண்டும். கூடினால் குறைந்தது முப்பது பேர் வேண்டும், அதற்குக் கோரம் என்று பேர். தோற்ற சங்கத்துக்கு முப்பது பேர் எங்கே வருவார்கள்? அடுத்த கூட்டத்துக்கு வைப்போம் என்று எழுதினேன். விதி அது. நான் விதியை மீறாதவன்.

ஆடி மாதம். எங்கள் மலையில் ஆடி மழை பிடித்தால் பகலும் சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்த மாதம் வேலை தரவில்லை, அறையில் இருந்தேன். எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, பத்து மணி இருக்கும், காய்ச்சல்காரன் இருமுகிற சத்தம், சுவரில் மூன்று தட்டு.

பிறகு, "மாமா."

தண்ணீர் கேட்கவில்லை. கஞ்சி கேட்கவில்லை. "மாமா, இருக்கீரா?" அவ்வளவுதான். மறுபடி மூன்று தட்டு. "இருக்கீரா மாமா?"

நான் ஒரு பிரசுரத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். எட்டுப் பக்கம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஐந்து நாள் படித்தேன். எது என்று கேட்காதீர்கள். இப்போதும் மனப்பாடம், ஒரு வரி சொல்ல மாட்டேன்.

ஆறாம் நாள் தட்டவில்லை. நான் படிப்பதை நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும்.

ஏழாம் நாள் நான்தான் போய்க் கதவைத் தள்ளினேன். உடம்பைத் தூக்க யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று எழுதியவன் நான், யாரைத் திட்டுவது? வாட்ச்மேன் காதர் பாய் மட்டும் வந்தார். அவர் சங்கத்தில் இல்லை. இப்போது அவரும் இல்லை. கம்பளியில் சுற்றி இருவரும் இங்கே தூக்கி வந்தோம். குழியை நான் வெட்டினேன். இந்தக் கம்பால் அளந்தேன். நான்கு கம்பு ஆழம். லூர்தம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதோ அந்த மேட்டில் நின்றாள். கிட்டே வரவில்லை. அவளும் கைதட்டியவள்தான்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பெரட்டு எடுப்போம். செத்தவரின் எண், வேலை, அப்பா பேர், அவர் பேர், எல்லாம் சத்தமாகப் படிக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் சாட்சியாக நின்று கேட்டு, ஆளுக்கு ஒரு பிடி மண் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். அதுவரை அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

அவனுக்குப் பெரட்டு எடுக்கவில்லை. பெயரைச் சொல்லக் கூடாதே. காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் மண்ணைத் தள்ளினேன். தள்ளிவிட்டு மேலே ஏறி மிதித்தேன். பழக்கம்.

அறைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் அவன் கட்டிலடியில் சாக்கில் கட்டின லில்லிக் கிழங்கு. மண் தட்டி, காயவைத்து, அடுத்த பருவத்துக்காக. ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

இதுதான் ஐந்தாவது. என்னை இப்படிச் செய்ய வைத்தது நிர்வாகம். அதனால் இதுவும் எனக்கு நடந்த அநீதியில்தான் சேரும். வரிசையில் எண்பத்தெட்டு ஆடி, நான்காவதற்கும் ஆறாவதற்கும் நடுவில். சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

என்ன செய்கிறீர்கள்? தோண்டப் போகிறீர்களா? தோண்டுங்கள். ஆய்வுக்கு வந்தவர், உங்கள் உரிமை. முதல் குச்சியிலிருந்து வாருங்கள், வரிசையாக. மெதுவாக. ஒன்றரை அடி போக வேண்டும்.

முதலாவது. கூழாகிவிட்டதா? எழுதிக்கொள்ளுங்கள், தரமில்லாத சரக்கு.

இரண்டாவது. அதுவும் கூழ். நாற்றம் அடிக்கிறது. எழுதுங்கள்.

மூன்றாவது. எழுதுங்கள், தம்பி. ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

நான்காவதை விட்டுவிடலாம். போதும். மூன்று போதும் மாதிரிக்கு.

என்ன?

என்ன அது? கையை எடுங்கள், பார்க்கிறேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு... வேரா? கிழங்குக்கு மேலே ஏது வேர்?

தளிரா.

வெளுத்துப்போய் இருக்கிறதே. சோற்றுக் கஞ்சி நிறத்தில். எவ்வளவு நீளம்? கம்பை இப்படி வையுங்கள். கம்பில் முக்கால் பங்கு. முக்கால் பங்கு ஏறி வந்திருக்கிறது. இங்கே ஏன் மடங்கியிருக்கிறது?

நான் மிதித்த மண். இதில் முட்டித் திரும்பியிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தடவை. இந்தப் பக்கம் ஒரு தடவை. மேலே நான்கு விரல்தான் பாக்கி. உங்கள் தாளில் போட்டிருந்த நான்கு விரல்.

நான் தினமும் இதற்கு மேலேதான் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன், தம்பி.

நகருங்கள். நான் மூடவில்லை. மூட மாட்டேன். மிச்சம் எட்டையும் நீங்களே தோண்டுங்கள். மண்ணைத் தளர்த்திவிடுங்கள். உயிர் இருந்தால் மேலே எடுத்து வைக்க முடியுமா? முடியுமா? நூற்றில் ஒன்று என்கிறீர்கள். ஒன்று இருக்கிறதே.

மனுவை வாபஸ் வாங்குகிறேன். எட்டாவதை அடித்துவிடுங்கள். ஐந்தாவதையும் அடியுங்கள். அது என் பட்டியலைச் சேர்ந்தது இல்லை. அது அவனுடையது. அவன் பட்டியலில் அது ஒன்றுதான்.

ஹாரன் கேட்டதா? பஸ்.

இந்த ஏற்றத்தில் லூர்தம்மா எப்போதும் இருமிக்கொண்டு வருவாள். கூட வருவது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். நடையைப் பாருங்கள். கையை வீசாமல் நடக்கிறாள், பூவாளி தூக்கினவன் மாதிரி.

நான் என்ன சொல்வது? பூவைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று எழுதியவன் நான்.

"தோழரே, இந்தா உம்ம விருந்தாளி. வழியெல்லாம் வெள்ளப் பூ எங்க, வெள்ளப் பூ எங்கன்னு கேட்டுக்கிட்டே வருது. நான் என்னத்தச் சொல்ல? நீரே சொல்லும்."

வா அம்மா.

அவள் என்ன கேட்டாள் என்று உங்களுக்குக் கேட்டதா, தம்பி? "மாமா, நல்லாருக்கீரா?" என்று கேட்டாள். மாமா என்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அம்மா சொல்லவில்லை போலிருக்கிறது. முப்பத்தாறு வருடமாக அந்தப் பொம்பளை சொல்லவில்லை.

பூ இல்லை அம்மா. முளைக்கவில்லை. கடை மேல் தப்பில்லை. நான்தான் ஆழமாகப் புதைத்துவிட்டேன்.

"பூ இல்லன்னா இதுதான் எடம்னு எப்படி மாமா தெரியும்?"

நான் வெட்டின குழி, அம்மா. எனக்குத் தெரியும். இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும் நடுவில் தலை. இங்கே கால். மண் எடுத்துக்கொள். ஆனால் கொஞ்சம் பொறு. அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு நீ என்னை மாமா என்று கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட மாட்டாய்.

தம்பி, கல்லின் மேல் வைத்த அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். மினிட் புத்தகம். இதைப் புதுச் செயலாளரிடம்கூட நான் ஒப்படைக்கவில்லை. பக்கம் நாற்பத்தொன்று. தீர்மானம் எண் பத்தொன்பது. எழுத்து என்னுடையது. அம்மா சொர்ணம், இதை நீ முழுவதும் கேட்க வேண்டும். 'மேற்படி நபருக்குத் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, பேச்சு இல்லை, துணை இல்லை. அவர் பெயரை லைனில் எவரும் உச்சரிக்கலாகாது.' முன்மொழிந்தவர் இருளாண்டி. நான்தான். அதற்குப் பிறகு உன் அப்பா சுவரைத் தட்டினார். ஐந்து நாள். எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் போகவில்லை.

அழாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய முப்பது பேர் வேண்டும். கோரம்...

"கோரமாவது மண்ணாவது. குழி மூட மூணு பேரு போதும்னுதானே அந்தக் காலத்துல? எண்ணும். நான் ஒண்ணு, இந்தப் புள்ள ரெண்டு, கெழங்குக்காரரு மூணு. நானும் கைதட்டுனவதான். படியும்யா, சீக்கிரம் படியும்."

சரி. ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொள்ளுங்கள். சொர்ணம், நீ இரண்டு பிடி எடு, ஒன்று உன் அம்மாவுக்கு. தம்பி, நீங்களும் எடுங்கள். கடை ஆள் என்றால் என்ன, சாட்சிக்குச் சங்கம் தேவையில்லை. நான் கூப்பிட்டு முடித்ததும் போடுங்கள். முன்னால் போட வேண்டாம்.

இந்தக் கம்பை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நில்லுங்கள். பெரட்டு.

எண் நூற்றுப் பதினேழு. பங்களாத் தோட்டம். முழுப்பேர்.

வெயிலுமுத்து மகன் கொம்பையா.